பார்க்காமல் விட்டவருக்குக் கிடைக்கும் சலுகை: ஆப்டோமெட்ரி அவைகளுக்கு ஒரு திறந்த மடல்

ஆப்டோமெட்ரிஸ்டுகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் அவைகளின் உறுப்பினர்களுக்கும், எங்கள் தொழில்முறைச் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆப்டோமெட்ரிஸ்டாக வேலை பார்த்துவருகிறேன். பவர் பார்ப்பது, கான்டாக்ட் லென்ஸ் பொருத்துவது, கண்ணுக்குள் ஏதாவது சரியில்லை என்று பட்டால் கண் மருத்துவரிடம் அனுப்புவது, இவ்வளவுதான் என் அன்றாடம். சட்டத்தை நான் முறையாகப் படித்ததில்லை. எங்கள் தொழிலில் சட்டம் எதைக் கவனக்குறைவு என்கிறது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுகிறது என்பதைத் தீர்ப்புகளைத் தேடிப் படித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்துகொண்டேன். அப்படித் தேட வைத்தது நான் செய்த தவறு ஒன்று. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது ஆண்டு. முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் தலைவலி என்று வந்தார். கண்ணாடி பழசாகிவிட்டது, பவர் மாறியிருக்கும், பார்த்துக் கொடுங்கள் என்றார். பேச்சோடு பேச்சாக, குனிந்து நிமிர்ந்தால் இரண்டு மூன்று நொடி கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்றும் சொன்னார். வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள். பவரில் சிறு மாற்றம் இருந்தது, எழுதிக் கொடுத்தேன். கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் கருவியான ஆஃப்தால்மாஸ்கோப் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதை எடுத்துப் பார்வை நரம்பின் தலைப்பகுதியைப் பார்க்க ஒரு கண்ணுக்கு ஒரு நிமிடம் போதும். நான் எடுக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, புதுக் கண்ணாடி போட்டும் தலைவலி நிற்கவில்லை என்று திரும்பி வந்தார். அன்றைக்குப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் நரம்பின் தலைப்பகுதி வீங்கி, விளிம்பு கலைந்து கிடந்தது. மண்டைக்குள் அழுத்தம் கூடினால் அப்படி வீங்கும் என்பது எங்கள் படிப்பில் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டிய பாடம். நொடிக்கணக்கில் கண் இருட்டுவது அதன் அடையாளங்களில் ஒன்று என்பதும் அதே பாடத்தில்தான் இருக்கிறது. உடனே மருத்துவமனைக்கு அனுப்பினேன். நேரத்தோடு சிகிச்சை கிடைத்தது, பார்வை தப்பியது. பிறகொரு நாள் வந்து எனக்கு நன்றி சொன்னார். அந்த நன்றியை வாங்கிக்கொள்ள எனக்கு எந்தத் தகுதியும் இல்லை என்பதை அவரிடம் சொல்லும் தைரியம் அன்று எனக்கு வரவில்லை.

அன்று இரவு அவருடைய முதல் வருகையின் அட்டையை எடுத்துப் பார்த்தேன். பவர் இருந்தது. தலைவலி என்ற ஒரு சொல் இருந்தது. கண் இருட்டியது பற்றி எதுவும் இல்லை. கண்ணின் உட்புறத்துக்கான கட்டம் வெறுமையாக இருந்தது. இந்த இரண்டு வாரத்தில் அவர் பார்வை போயிருந்தால், "எனக்குத் தெரியாது" என்று நான் சொல்லியிருப்பேன். அது பொய்யாகவும் இருந்திருக்காது. பார்க்காதவனுக்கு எப்படித் தெரியும்?

இந்தப் பதிலைச் சட்டம் எந்த அளவுக்கு ஏற்றுக்கொள்கிறது என்பதைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன். பார்த்துத் தவறவிட்ட ஆப்டோமெட்ரிஸ்டைவிடப் பார்க்கவே பார்க்காத ஆப்டோமெட்ரிஸ்ட் நல்ல நிலையில் இருக்க முடிகிறது. நீதிமன்றங்கள் மட்டும் இதைச் சரிசெய்துவிட முடியாது. விதி எழுதும் இடத்தில் இருக்கும் நீங்கள் நினைத்தால் முடியும்.

எங்கள் தொழிலில் பலரும் கேள்விப்பட்ட இங்கிலாந்து வழக்கு ஒன்று உண்டு. 2012 பிப்ரவரியில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனை வழக்கமான பார்வைப் பரிசோதனைக்கு அழைத்துவந்தார்கள். அங்கிருந்த உதவியாளர் அவன் விழித்திரையைப் படம் எடுத்தார். ஆப்டோமெட்ரிஸ்ட் பரிசோதித்து, பெரிதாக எதுவும் இல்லை என்று அனுப்பினார். ஐந்து மாதம் கழித்து, ஜூலையில் அந்தப் பையன் இறந்துபோனான். மூளையில் நீர் தேங்கி அழுத்தம் ஏறியிருந்தது. அன்று எடுத்த படங்களில் நரம்பு வீக்கம் தெளிவாகவே இருந்தது. தான் பார்த்தவை அன்றைய படங்களாக இருந்திருக்க முடியாது, வேறு படங்கள்தான் காட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது ஆப்டோமெட்ரிஸ்டின் தரப்பு. 2016 ஜூலையில் ஜூரி அவரைப் பெருங்கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்தில் குற்றவாளி என்றது. இரண்டு ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, அது நிறுத்திவைக்கப்பட்டது. 2017 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பையே ரத்து செய்தது.

ரத்து செய்ததற்கான காரணத்தை நான் எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. இந்தக் குற்றம் நிரூபணமாக வேண்டுமானால், மரணம் நேரக்கூடிய தீவிரமான ஆபத்து கண்ணெதிரே தெளிவாக இருக்கிறது என்பது, கடமை தவறிய அந்த நேரத்தில், நியாயமான கவனமுள்ள ஒருவருக்குத் தெரியக்கூடியதாக இருந்திருக்க வேண்டும். அதைக் கணிக்கும்போது அவரிடம் அந்த நேரத்தில் உண்மையில் இருந்த தகவலை மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது நீதிமன்றம். கடமையைச் சரியாகச் செய்திருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்பதைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. அதாவது, கண்ணின் உட்புறத்தைச் சரியாகப் பார்க்காமல் விட்டது கடமை தவறியதுதான். ஆனால் பார்க்காததால் ஆபத்து அவருக்குத் தெரியவில்லை. ஆகவே இந்தக் குற்றம் பொருந்தாது.

முதல் தடவை படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்தப் பிள்ளையின் பெற்றோர் இதைக் கேட்டு எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்றுதான் தோன்றியது. ஆனாலும், நன்றாக யோசித்த பிறகு, குற்றவியல் சட்டத்தைப் பொறுத்தவரை நீதிமன்றம் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். வேறு விதமாகத் தீர்ப்பளித்திருந்தால், வழக்கமான ஒரு ரத்தப் பரிசோதனையை எழுத மறந்த மருத்துவர்கூட ஏதோ ஒரு நாள் கொலைக்குச் சற்றே கீழான குற்றத்துக்காகக் கூண்டில் நிற்க நேரும். அந்தப் பின்விளைவையும் நீதிபதிகள் எடைபோட்டார்கள். சிறைக்குப் பயந்து வேலை செய்பவர் கவனமாக வேலை செய்வார் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவர் எல்லோரையும் மருத்துவமனைக்கு அனுப்பித் தன்னைக் காப்பாற்றிக்கொள்வார். உண்மையிலேயே அவசரமான நோயாளி அந்த வரிசையில் நாற்பதாவது ஆளாக நிற்பார். இந்திய உச்ச நீதிமன்றமும் ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005ஆம் ஆண்டு ஏறக்குறைய இதே கவலையோடுதான், மருத்துவத் தொழிலர் மேல் குற்றவழக்கு நிற்க வேண்டுமானால் சாதாரணக் கவனக்குறைவு போதாது, அது மிக மோசமானதாக இருக்க வேண்டும் என்று கோடு கிழித்தது.

சரி, குற்றவியல் கதவு மூடியிருப்பது நியாயம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் உரிமையியல் கதவும் ஒழுங்குமுறைக் கதவும் நன்றாகத் திறந்திருக்க வேண்டும் அல்லவா? திறந்துதான் இருக்கின்றன. ஆனால் உள்ளே நுழையும் நோயாளிக்கு அங்கேயும் அதே வெற்றுக் கட்டம் தடையாக நிற்கிறது.

இழப்பீடு கேட்டு வருபவர் அடிப்படையில் மூன்றைக் காட்ட வேண்டும். ஆப்டோமெட்ரிஸ்டுக்கு அவர்மீது கவனக் கடமை இருந்தது. அந்தக் கடமையிலிருந்து தவறினார். அந்தத் தவற்றால்தான் பாதிப்பு வந்தது. முதலாவதில் பெரிய தகராறு வராது. நாற்காலியில் உட்கார வைத்துக் கண்ணைப் பரிசோதிக்கத் தொடங்கினாலே கடமை வந்துவிடுகிறது. பரிசோதனைக்குக் காசு வாங்கவில்லை, இலவசமாகத்தான் பார்த்தேன் என்பதால் அது போய்விடாது. இதைச் சொல்லக் காரணம், இலவசப் பரிசோதனை என்றால் பவர் மட்டும் பார்த்தால் போதும் என்ற எண்ணம் நம்மிடையே ஊறிக் கிடக்கிறது.

இரண்டாவது, எந்த அளவுகோலால் அளப்பது என்ற கேள்வி. 1938இல் இங்கிலாந்தில் வந்த ஒரு வழக்கு எனக்கு ரொம்பப் பிடித்தமானது. நகைக்கடைக்காரர் ஒருவர் ஒரு பெண்ணுக்குக் காது குத்தினார். பிறகு கழுத்தில் சீழ் வைத்தது. அவர் அறுவை மருத்துவர் அளவுக்குச் சுத்தம் பேணியிருக்க வேண்டுமா என்று கேள்வி வந்தது. காது குத்தும் நகைக்கடைக்காரரிடம் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய கவனம் போதும் என்றது நீதிமன்றம். நமக்கும் இதே கதைதான். ஆப்டோமெட்ரிஸ்ட் கண் மருத்துவரைப் போல நோயைக் கண்டுபிடித்துப் பெயர் வைக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. திறமையுள்ள ஒரு சாதாரண ஆப்டோமெட்ரிஸ்ட் செய்வதைச் செய்ய வேண்டும். ஆனால் அந்தச் சாதாரண ஆப்டோமெட்ரிஸ்டுக்குத் தன் எல்லை எங்கே முடிகிறது, எதை யாரிடம் எவ்வளவு சீக்கிரம் அனுப்ப வேண்டும் என்பது தெரிந்திருக்கும். நேற்றுதான் வேலைக்குச் சேர்ந்தேன் என்பதும் சட்டத்தின் முன் செல்லாது. 1971இல் வண்டி ஓட்டப் பழகிக்கொண்டிருந்த ஒருவரைக்கூட, தேர்ந்த ஓட்டுநரின் அளவுகோலால்தான் அளந்தார்கள்.

தொழிலில் உள்ள பொறுப்பான ஒரு சாரார் ஏற்றுக்கொள்ளும் முறைப்படி நடந்திருந்தால் அது கவனக்குறைவாகாது என்று 1957இல் போலம் வழக்கில் சொன்னார்கள். பல நாடுகளில் இன்றும் அதுதான் அடித்தளம். இங்கேதான் எனக்குப் பயம். நம்மில் பெரும்பாலோர் நெருக்கடி நேரத்தில் கண்ணின் உட்புறத்தைப் பார்ப்பதில்லை என்றால், பார்க்காததே தொழிலின் வழக்கமாகிவிடுமா?

அப்படி ஆகாது என்று ஓங்கிச் சொன்ன தீர்ப்பு ஒன்று உண்டு. அமெரிக்காவில், வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 1974இல் வழங்கியது. ஒரு பெண் 1959 முதல் கான்டாக்ட் லென்ஸுக்காகக் கண் மருத்துவர்களிடம் போய்வந்தார். கண் எரிச்சல் என்றெல்லாம் பலமுறை சொன்னார், லென்ஸால்தான் என்றார்கள். 1968இல்தான் கண் அழுத்தத்தை அளந்தார்கள். கிளாக்கோமா, அதாவது பெரும்பாலும் கண் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பைப் பாழாக்கும் நோய். அப்போது அவருக்கு வயது 32, பார்வையின் பெரும்பகுதி போயிருந்தது. நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வழக்கமாக அழுத்தம் பார்ப்பதில்லை, அந்த வயதில் 25,000 பேரில் ஒருவருக்குத்தான் இந்த நோய் வரும் என்று மருத்துவர்கள் வாதாடினார்கள். இரு தரப்பு நிபுணர்களும் அதுதான் வழக்கம் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் அந்த மருத்துவர்கள் தோற்றார்கள். எளிய சோதனை, செலவு குறைவு, ஆபத்து இல்லை, செய்யாமல் விட்டால் திரும்பக் கிடைக்காத இழப்பு. அந்த ஒருவருக்கும் அதைச் செய்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். வானொலி வைக்காமல் புயலில் சிக்கிச் சரக்கை இழந்த இழுவைப் படகுகளின் வழக்கை, 1932இல் வந்த தீர்ப்பை, அதற்குத் துணைக்கு எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் பெரும்பாலான படகுகளில் வானொலி இல்லை என்பது படகுக்காரர்களைக் காப்பாற்றவில்லை.

கிளாக்கோமா தீர்ப்பைக் கடுமையாக விமர்சித்தவர்கள் உண்டு. நீதிபதிகளே மருத்துவ முறையை எழுதத் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆகவேதான் நீதிபதிகள் எழுத வேண்டிய நிலை வருவதற்கு முன்னால் நீங்கள் எழுத வேண்டும் என்கிறேன்.

மூன்றாவதுதான் எனக்குத் தூக்கம் கெடுத்தது. தவற்றால்தான் பாதிப்பு வந்தது என்பதை நோயாளி காட்ட வேண்டும். 1997இல், அன்று அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்த பொலித்தோ வழக்கைப் பாருங்கள். மூச்சுத் திணறிய இரண்டு வயதுக் குழந்தையைப் பார்க்க வரும்படி செவிலியர் அழைத்தும் மருத்துவர் வரவில்லை. வராதது தவறு என்பதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டபோது, வந்திருந்தாலும் மூச்சுக்குழாய் செருகியிருக்க மாட்டேன் என்றார். அப்படிச் செருகாமல் விடுவதும் பொறுப்பான முடிவாக இருந்திருக்கும் என்று ஒரு நிபுணர் சொன்னார். குடும்பம் தோற்றது. நிபுணர் கருத்து என்பதாலேயே ஏற்க வேண்டியதில்லை, அதற்குத் தர்க்க அடிப்படை இருக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு நினைவில் நிற்பது, வராத மருத்துவரின் வழக்கு "வந்திருந்தால்" என்ற ஒரு கற்பனையில் முடிந்துபோனது.

நம் தொழிலில் இது எப்படி வரும் என்று யோசியுங்கள். ஒருவர் கண்ணில் மின்னல் மின்னல் போல வெட்டுகிறது, கறுப்புப் புள்ளிகள் பறக்கின்றன என்று வருகிறார். சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை, கருவிழியின் நடுவில் உள்ள துளையை, விரித்து விழித்திரையின் ஓரம் வரை பார்க்க வேண்டும். பார்க்காமல் அனுப்புகிறோம். பத்து நாளில் விழித்திரை கழன்று, நடுப்பகுதியும் போய்விடுகிறது. நடுப்பகுதி ஒட்டியிருக்கும்போதே அறுவை செய்தால் பார்வை நன்றாகத் தேறும். கழன்ற பிறகு செய்தால் பழைய பார்வை அநேகமாகத் திரும்பாது. வழக்கு வருகிறது. அன்றைக்கே கிழிசல் இருந்ததா, அல்லது பிறகு வந்ததா? நிபுணர்கள் இரண்டு பக்கமும் பேசுவார்கள். அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே சாட்சி, அன்று நாம் பார்க்காமல் விட்ட விழித்திரை. நாம் பார்க்காததால் அந்தச் சாட்சி உருவாகவே இல்லை. சாட்சி இல்லாததன் சுமை நோயாளியின் தலையில்.

வாய்ப்பை இழந்ததற்கு மட்டும் இழப்பீடு தர இங்கிலாந்து நீதிமன்றங்கள் பொதுவாக மறுத்திருக்கின்றன. மரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்த சிறுவனுக்கு, சரியான நேரத்தில் சிகிச்சை கிடைத்திருந்தாலும் தேறும் வாய்ப்பு 25 விழுக்காடுதான் என்று கண்டார்கள். பாதிக்குக் கீழே என்பதால், அந்த 25 விழுக்காட்டுக்கும் எதுவும் கிடைக்காது என்று 1987இல் முடிவாயிற்று. தலைவலியோடு வந்தவரின் நரம்பு அன்று எந்த அளவுக்கு வீங்கியிருந்தது, கிளாக்கோமா நோயாளியின் நரம்பு ஐந்து ஆண்டுக்கு முன் எப்படி இருந்தது என்று யாரும் எழுதி வைக்காதபோது, தேறும் வாய்ப்பு 50 விழுக்காட்டைத் தாண்டியதாக நோயாளி எதை வைத்து நிரூபிப்பார்?

ஆக, பார்க்காமல் விட்டவருக்கு இரட்டைச் சலுகை. ஆபத்து தெரியாது என்பதால் குற்றவியலில் தப்புகிறார். அன்றைய நிலை பதிவாகவில்லை என்பதால் உரிமையியலில் நோயாளியின் கை கட்டப்படுகிறது. நேர்மையாக உள்ளே பார்த்து, ஏதோ சரியில்லை என்று எழுதி வைத்து, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னவர்தான் அந்த எழுத்தாலேயே மாட்டிக்கொள்கிறார். இதைவிட மோசமான பாடத்தை ஓர் இளம் ஆப்டோமெட்ரிஸ்டுக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது.

இனி நான் கேட்பது. பெரிய சட்டத் திருத்தம் எதையும் கேட்கவில்லை.

பார்வைப் பரிசோதனை என்று பெயர் சொல்லி ஒன்றைச் செய்தால், அதில் குறைந்தபட்சம் என்ன அடங்க வேண்டும் என்று எழுத்தில் கொண்டுவாருங்கள். பிரிட்டனில் 1989ஆம் ஆண்டின் ஆப்டிஷியன்கள் சட்டம் இதில் ஒரு நல்ல முன்மாதிரி. பவர் பார்ப்பதோடு நிற்காமல், கண்ணிலோ உடலின் வேறெங்குமோ காயம், நோய், கோளாறு இருக்கிறதா என்று அறியும் சோதனையும் செய்ய வேண்டும் என்று அது கடமையாக்கியது. அதன் கீழ் வந்த விதிகள் கண்ணின் வெளிப்புறம், உட்புறம் இரண்டையும் பார்க்கச் சொல்கின்றன. இன்னொரு அருமையான ஏற்பாடும் அதில் உண்டு. பரிசோதனை முடிந்த உடனே நோயாளியின் கையில் ஓர் எழுத்து அறிக்கை தர வேண்டும்: வேண்டிய சோதனைகளைச் செய்தேன், மருத்துவரிடம் அனுப்புகிறேன் அல்லது அனுப்பவில்லை என்று. சின்னத் தாள்தான். ஆனால் "செய்தேன்" என்று கையெழுத்துப் போட வேண்டிய நொடியில் கை கொஞ்சம் தயங்கும் பாருங்கள், அந்தத் தயக்கம் எனக்கு அன்று வந்திருந்தால் ஆஃப்தால்மாஸ்கோப்பை எடுத்திருப்பேன்.

அடுத்ததுதான் நான் மிகவும் வற்புறுத்திக் கேட்பது. பார்க்கவில்லை என்றால், பார்க்கவில்லை என்று எழுத வேண்டும். ஏன் என்றும் எழுத வேண்டும். வெற்றுக் கட்டம் என்பதையே ஒழுங்குமுறைக் குற்றமாக்குங்கள். குழந்தை வெளிச்சத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டது, சொட்டு மருந்துக்கு நோயாளி ஒப்பவில்லை, கருவி பழுது, எதுவானாலும் சரி. காரணத்தை எழுதினால் அதோடு ஒரு கேள்வியும் வந்துவிடும்: சரி, அப்படியானால் இவரை யார், எப்போது பார்க்கப் போகிறார்கள்? அந்தப் பதிலும் அதே வரியில் வர வேண்டும். படம் எடுத்தால் யார் எடுத்தது, எந்த நாள் எடுத்தது, பார்த்தவர் எந்தப் படத்தைப் பார்த்தார் என்பதும் பதிவாக வேண்டும். இன்றைக்குக் கேமரா நன்றாகவே படம் எடுக்கிறது. கணினி அதில் சந்தேகப் புள்ளியைக் குறித்தும் காட்டுகிறது. அந்தப் படத்தைத் திறந்து பார்க்கும் கடமை மனிதரிடம்தான் இருக்கிறது. 2012இல் அந்தச் சிறுவனின் நோயும் படத்தில் பத்திரமாகத்தான் இருந்தது.

பரிசோதனைக் குறிப்பே இல்லாத இடத்தில் சந்தேகத்தின் பலனை நோயாளிக்குத் தர வேண்டும் என்ற நிலைப்பாட்டை உங்கள் ஒழுங்கு விசாரணைகளிலாவது எடுங்கள். நீதிமன்றங்களின் நிரூபண விதியை நீங்கள் மாற்ற முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் விசாரணை அறையில், "அன்று வீக்கம் இருந்ததற்கு ஆதாரம் எங்கே" என்று நோயாளியிடம் கேட்பதற்கு முன், "அன்று இல்லை என்பதற்கான உங்கள் குறிப்பு எங்கே" என்று எங்களிடம் கேட்கலாம்.

சொட்டு மருந்து வேண்டாம் என்று சொல்லும் நோயாளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வண்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டும், இன்னொரு நாள் வருகிறேன் என்பார். நாமும் நிம்மதியாகச் சரி என்றுவிடுவோம். அவர் மறுக்கலாம், அது அவர் உரிமை. ஆனால் எதை மறுக்கிறார் என்பது தெரிந்து மறுக்க வேண்டும். ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1992இல் ஒரு கண் அறுவை வழக்கில், 14,000 பேரில் ஒருவருக்கு வரும் ஆபத்தைக்கூட, அந்த நோயாளிக்கு அது முக்கியமானது என்பதால் சொல்லியிருக்க வேண்டும் என்றது. ஒரு கண்ணில் ஏற்கெனவே பார்வை இல்லாத அந்தப் பெண், நல்ல கண்ணுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதுதான் நடந்தது. இங்கிலாந்தும் 2015இல் இதே பாதைக்கு வந்துவிட்டது. "விழித்திரை கிழிந்திருக்கலாம், இன்று பார்க்காவிட்டால் பார்வை போகும் வாய்ப்பு உண்டு" என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள். என் அனுபவத்தில் பத்தில் எட்டுப் பேர் வண்டியை விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

நேரத்தைப் பற்றி. ஒருவருக்கு எட்டு நிமிடம் என்று கணக்குப் போட்டு, மாலையில் எத்தனை கண்ணாடி விற்றது என்று கேட்கும் முதலாளியின் கீழ் வேலை செய்கிறவர்கள் நம்மில் ஏராளம். ஊழியரின் கவனக்குறைவுக்கு முதலாளியும் இழப்பீடு தரக் கடமைப்பட்டவர் என்பது பழைய சட்டம். ஆனால் பதிவை இழப்பது, பெயர் கெடுவது, தூக்கம் போவது எல்லாம் ஊழியருக்குத்தான். உள்ளே பார்க்க நேரம் தராத நிறுவனத்தையும் உங்கள் வரம்புக்குள் கொண்டுவாருங்கள். தனிநபரை மட்டும் பதிவு செய்து, அவர் உட்காரும் இடத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டால் பாதி வேலைதான் நடக்கும்.

காப்பீட்டைப் பற்றி நீட்டவில்லை. தொழில் பொறுப்புக் காப்பீடு இல்லாமல் யாரையும் பதிவேட்டில் வைத்திருக்காதீர்கள், அவ்வளவுதான். பார்வை இழந்தவர் வழக்கில் ஜெயித்து, வசூலிக்க எதுவும் இல்லாமல் நிற்பது கொடுமை.

மன்னிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தவறு நடந்தால் வாயைத் திறக்காதே, திறந்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று மூத்தவர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம், மன்னிப்புக் கேட்பது மட்டுமே கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாகாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அப்படி ஒரு பாதுகாப்பு எழுத்தில் இருந்திருந்தால், நன்றி சொல்ல வந்த அந்தப் பெண்ணிடம் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்று நம்ப விரும்புகிறேன். நடந்ததை நோயாளியிடம் சொல்வதைக் கடமையாக்கி, சொல்பவருக்குப் பாதுகாப்பும் கொடுங்கள்.

சில நாடுகளில் எங்கள் தொழிலுக்குச் சட்ட அங்கீகாரம் வந்து நெடுநாளாகிறது. மலேசியாவின் சட்டம் 1991, சிங்கப்பூரின் சட்டம் 2007. இந்தியாவில் 2021இல் வந்த துணை மருத்துவத் தொழிலர் ஆணையச் சட்டம்தான் ஆப்டோமெட்ரிஸ்டுகளை ஓர் ஆணையத்தின் கீழ் கொண்டுவந்தது. கட்டணம் வாங்கும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று அங்கே 1995இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நடத்தை விதிகளை இப்போதுதான் எழுதத் தொடங்கும் அவைகளுக்கு நல்ல வாய்ப்பு. வேறு இடங்களில் ஒரு பிள்ளையின் உயிரைக் கொடுத்துக் கற்ற பாடத்தை முதல் வரைவிலேயே சேர்த்துவிடலாம்.

இப்படி எழுதினால் சக தொழிலர்கள் சிலர் வருத்தப்படுவார்கள் என்று தெரியும். ஏற்கெனவே மூச்சு முட்டுகிறது, இன்னும் தாளில் எழுதச் சொல்கிறாயா என்பார்கள். அவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். பார்த்து, எழுதி, அப்படியும் தவறிப்போனவரைச் சட்டம் அவ்வளவு எளிதில் தண்டிப்பதில்லை. தவறான கணிப்பு எல்லாம் கவனக்குறைவு இல்லை என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. வெற்றுக் கட்டத்தை ஒழிக்கும் விதி முதலில் காப்பாற்றப்போவது நேர்மையாக வேலை செய்யும் அவர்களைத்தான்.

என்னுடைய அந்தப் பழைய அட்டையை இன்னும் வைத்திருக்கிறேன். பெயர், அடையாளம் எல்லாவற்றையும் நீக்கிய நகலை, இரண்டாவது வருகையின் குறிப்போடு சேர்த்து, பயிற்சிக்குப் பயன்படுத்திக்கொள்ள எந்த அவைக்கும் தருகிறேன். முதல் அட்டையை மாணவர்களிடம் கொடுத்து, இந்தப் பெண்ணுக்கு என்ன என்று கேளுங்கள். அதில் இருப்பதை வைத்து யாராலும் சொல்ல முடியாது. பிறகு இரண்டாவதைக் கொடுங்கள். உங்கள் அடுத்த கூட்டத்தில் இதைப் பேச எடுத்துக்கொள்வதானால், நேரில் வந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லவும் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பதிவேட்டில் உள்ள ஓர் ஆப்டோமெட்ரிஸ்ட்